எங்க கேம் யார் அக்கவுண்ட்ல இருக்கு?

2024 ஜூன். நாலாவது செமஸ்டர் முடிந்து ஊருக்குப் போயிருந்தேன். சித்தி பொண்ணு எட்டாவது படிக்கிறாள். "அண்ணா, நீ ஏதோ கேம் பண்ணியாமே, காட்டு" என்று தோளைப் பிடித்து உலுக்கினாள். பெருமையாக அவள் போனை வாங்கி, பிளே ஸ்டோரில் பெயரைத் தட்டினேன். வரவில்லை. ஸ்பெல்லிங் மாற்றித் தட்டினேன். அப்போதும் வரவில்லை. என் போனில் கேம் இருக்கிறது, திறந்தால் ஓடுகிறது, புளியங்கொட்டை உருளும் சத்தம்கூடக் கேட்கிறது. கடையில் மட்டும் இல்லை.

"சும்மா அளந்து விட்டியாண்ணா?" என்றாள்.

'டீலிஸ்ட்' என்ற வார்த்தை அன்றைக்கு எனக்குத் தெரியாது.

கேம் என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். பல்லாங்குழிதான். ரெண்டாம் வருஷம் நாலு பேர் சேர்ந்து யூனிட்டியில் செய்தது. ஆட்ட விதிகள் என் வேலை. கம்ப்யூட்டர் எதிராளியாக ஆடும் பகுதியை ஐடி டிபார்ட்மென்ட் தோழி எழுதினாள். என் ரூம்மேட் நிஜப் புளியங்கொட்டையைப் பலகையில் கொட்டி, போனில் பதிவு செய்து சத்தம் சேர்த்தான். படங்கள் முழுக்க மெக்கானிக்கல் சீனியர் அண்ணா ஒருவர் வரைந்தது. ஒரு குழியில் நாலு காய் சேர்ந்தால் 'பசு' என்று எடுத்துக்கொள்வோம் இல்லையா, அந்த நேரத்தில் குழிக்குள்ளிருந்து ஒரு குட்டிப் பசு எட்டிப் பார்த்துத் தலையாட்டும். அது அண்ணாவின் யோசனை. எங்கள் கோடிங்கைப் பாராட்டி ஒருத்தரும் ஒரு வார்த்தை எழுதியதில்லை, பசுவைப் பற்றி எழுதாதவர்கள் இல்லை.

பிளே ஸ்டோரில் கேம் போட டெவலப்பர் கணக்கு வேண்டும். 25 டாலர், ஒரே ஒரு முறை. எங்கள் யாரிடமும் டாலரில் கட்டுகிற கார்டு இல்லை. அண்ணா அவங்க அப்பா கார்டில் கட்டி, தன் பெயரில் கணக்கு திறந்தார். "அப்புறம் பிரிச்சுக்கலாம்ணா" என்றோம். இந்த 'அப்புறம்' என்ற வார்த்தையைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

2023 நவம்பர் கடைசியில் கேம் வெளியானது. அடுத்த மே மாதத்துக்குள் 1,140 டவுன்லோட், 63 ரிவ்யூ. அதில் பாதி எங்கள் பிளாக் பசங்க போட்டதுதான், ஒளிப்பானேன். ஆனால் ஒரு ரிவ்யூ வேறு மாதிரி. யாரென்றே தெரியாத ஒருவர், தன் அம்மாவுக்குக் கீமோ நடக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து இருவரும் ஆடுவதாகவும், அம்மாவே எல்லா ஆட்டத்திலும் ஜெயிப்பதாகவும் எழுதியிருந்தார். அதைப் படித்த ராத்திரி மூணு பேரும் மொட்டை மாடியில் ரொம்ப நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தோம். ஸ்கிரீன்ஷாட் எடுக்கத் தோன்றவில்லை. எங்கே போய்விடப் போகிறது என்ற நினைப்பு.

நடுவில் அண்ணாவுக்கும் எங்களுக்கும் ஒரு மனஸ்தாபம். அவர் குரூப்பை விட்டு லெஃப்ட் ஆனார், மே மாதம் பாஸ் அவுட்டும் ஆகிவிட்டார். ஜூனில் கேம் காணோம். "அண்ணா, கேம் ஸ்டோர்ல வரல" என்று மெசேஜ் அனுப்பினேன். ரெண்டு நீல டிக். அவ்வளவுதான்.

கோட் எங்களிடம் இருக்கிறதே, நாமே வேறு கணக்கில் ஏற்றிவிடலாம் என்று நினைத்தோம். அங்கேதான் சிக்கல். பிளே ஸ்டோரில் ஒவ்வொரு ஆப்புக்கும் ஒரு பேக்கேஜ் பெயர் உண்டு. ஒருமுறை ஒரு கணக்கில் பயன்படுத்திவிட்டால் வேறு எவரும், எப்போதும், அதே பெயரில் ஏற்ற முடியாது. ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்கு ஆப்பை மாற்ற முறையான வழி இருக்கிறது. ரிவ்யூ, டவுன்லோட் கணக்கு எல்லாம் கூடவே வரும். ஆனால் விண்ணப்பிக்க வேண்டியவர் பழைய கணக்குக்காரர்தான். எழுதியவன் யார், வரைந்தவன் யார் என்று கடை கேட்பதில்லை. யார் கணக்கில் இருக்கிறது என்பதுதான் கேள்வி. அடுத்த ஆறு மாதம் ஹாஸ்டலில் யார் கிடைத்தாலும் அண்ணாவைத் திட்டித் தீர்த்தேன்.

டிசம்பரில் ஸ்டீம் வின்டர் சேல் வந்தது. 'ஷெர்லாக் ஹோம்ஸ்: க்ரைம்ஸ் அண்ட் பனிஷ்மென்ட்ஸ்' மலிவாக இருந்தது, வாங்கினேன். முதல் வருஷமே ஹாஸ்டலில் சுற்றிய ஹார்ட் டிஸ்க்கில் ஓசியில் ஆடி முடித்த கேம்தான். பாவத்துக்குப் பரிகாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2014இல் வந்தது, ஆறு வழக்குகள். துப்புகளை ஹோம்ஸின் மூளைக்குள் நரம்பு மாதிரி இணைக்க வேண்டும், எப்படி இணைக்கிறோமோ அப்படி ஒரு குற்றவாளி கிடைப்பார். அவரைத் தண்டிப்பதா விட்டுவிடுவதா என்பதும் நம் முடிவு. இதில் அழகே, தப்பான ஆளைப் பிடித்து உள்ளே தள்ளினாலும் கேம் நம்மைத் தடுக்காது. அடுத்த வழக்குக்குப் போய்க்கொண்டே இருக்கும்.

இதைச் செய்தவர்கள் யார் என்று தேடப் போய்த்தான் ஃப்ராக்வேர்ஸ் கதை கிடைத்தது. உக்ரைனின் கீவ் நகரத்து ஸ்டுடியோ, 2000இல் தொடங்கியது. எங்கள் நாலு பேரோடு ஒப்பிட்டால் அவர்கள் பெரிய ஆட்கள்தான். ஆனால் பெரிய கம்பெனி எதற்கும் சொந்தமில்லாமல், தங்கள் கேமைத் தாங்களே தீர்மானிக்கும் ரகம். இண்டி என்று சொன்னால் கொஞ்சம் தாராளம், தப்பில்லை.

பப்ளிஷர் என்றால் என்ன என்று ஒரு வரி. கேம் முடியும் வரை சம்பளத்துக்குப் பணம் வேண்டும், அதைப் பப்ளிஷர் தருவார், மைல்ஸ்டோன் கணக்கில். நம்ம ஃபைனல் இயர் ப்ராஜெக்டில் சீரோத் ரிவ்யூ, ஃபர்ஸ்ட் ரிவ்யூ என்று வருமே, அது மாதிரி ஒவ்வொன்றும் முடித்துக் காட்டினால் ஒரு தவணை. விளம்பரம், கடையில் பட்டியலிடுவது எல்லாம் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். விற்ற பணத்தில் தங்கள் பங்கை எடுத்துக்கொண்டு மீதியை ராயல்டியாகத் தருவார்கள். கேம் யாருக்குச் சொந்தம் என்பது ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும். கடையில் அது யார் கணக்கில் ஏறுகிறது என்பதை ஆரம்ப உற்சாகத்தில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

முதல் அடி 2019 செப்டம்பரில். ஷெர்லாக் கேம்களைப் பிரெஞ்சு பப்ளிஷர் ஃபோக்கஸ் ஹோம் இன்டராக்டிவ் வெளியிட்டிருந்தது, ஒப்பந்தக் காலம் முடிந்தது. உரிமை ஸ்டுடியோவுக்குத் திரும்பியாகிவிட்டது, ஆனால் கடைகளில் இருக்கும் கன்டென்ட் ஐடிகளை மாற்றித் தரப் பப்ளிஷர் மறுக்கிறது என்று ஃப்ராக்வேர்ஸ் பகிரங்கமாக எழுதியது. ஐடி என்பது வெறும் எண் இல்லை. நம்ம யுனிவர்சிட்டி ரிஜிஸ்டர் நம்பரை நினைத்துப் பாருங்கள், மார்க், அட்டெண்டன்ஸ் எல்லாம் அதில்தான் தொங்குகிறது. நாளைக்குப் புது நம்பர் கொடுத்து முதலிலிருந்து ஆரம்பி என்றால்? (அரியர் வைத்திருப்பவர்கள் சிரிக்க வேண்டாம்.) ஐடி போனால் வருஷக் கணக்கில் சேர்ந்த ரிவ்யூ போகும், விஷ்லிஸ்ட் போகும், ஏற்கெனவே வாங்கியவர்களுக்கு அப்டேட் அனுப்பும் வழி போகும். க்ரைம்ஸ் அண்ட் பனிஷ்மென்ட்ஸ் அப்படிக் கடைகளிலிருந்து இறங்கியது. பிறகு திரும்பி வந்தது, இன்று ஸ்டீமில் பப்ளிஷர் என்ற இடத்திலும் ஃப்ராக்வேர்ஸ் பெயர்தான் இருக்கிறது. நான் கொடுத்த காசு போய்ச் சேர்ந்த இடம் சரிதான்.

இரண்டாவது கேம்தான் பெரிய ரணகளம். 'தி சிங்கிங் சிட்டி', 2019 ஜூனில் வந்தது. லவ்கிராஃப்ட் கதைகளின் பாணியில், பாதி தண்ணீரில் மூழ்கிய ஓக்மான்ட் என்ற கற்பனை ஊரில் ஒரு துப்பறிவாளர். இந்த முறை பப்ளிஷர் வேறு: அப்போது பிக்பென், பிறகு நேக்கான் என்ற பெயரில் கேம்களை வெளியிட்ட இன்னொரு பிரெஞ்சு நிறுவனம். 2020 ஆகஸ்டில் ஸ்டீம் உட்பட பல கடைகளில் கேம் மறைந்தது. இந்தத் தடவை இறக்கியது ஸ்டுடியோவே. மைல்ஸ்டோன் பணம் ஒவ்வொரு முறையும் தாமதமாக வந்தது, நடுவில் பப்ளிஷர் போட்டி ஸ்டுடியோ ஒன்றை வாங்கியதும் எங்கள் சோர்ஸ் கோடைக் கேட்டது, மறுத்ததும் மாதக் கணக்கில் பணம் நின்றது, சுமார் 10 லட்சம் யூரோ ராயல்டி பாக்கி, ஆகவே ஒப்பந்தத்தை முறித்துவிட்டோம் — இது ஃப்ராக்வேர்ஸ் சொன்ன வழக்கு. நேக்கான் சொன்னது நேரெதிர்: பணம் போட்டது நாங்கள், ஒப்பந்தம் உயிரோடுதான் இருக்கிறது, இஷ்டத்துக்கு முறிக்க முடியாது.

படிக்கும்போது நான் எந்தப் பக்கம் இருந்திருப்பேன் என்று சொல்லவே வேண்டாம். பப்ளிஷர் என்று வந்த இடமெல்லாம் எனக்கு மெக்கானிக்கல் அண்ணா முகம்தான் தெரிந்தது.

ஆனால் 2020 அக்டோபரில் பாரிஸ் மேல்முறையீட்டு நீதிமன்றம் பப்ளிஷர் பக்கம் சாய்ந்தது. முறித்தது செல்லாது போல் தெரிகிறது, மூல வழக்கு முடியும் வரை ஒப்பந்தப்படி நடங்கள் என்றது. எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

அடுத்து நடந்ததை நம்ம டிபார்ட்மென்ட் பசங்க ரசித்துப் படிப்பீர்கள். 2021 பிப்ரவரி கடைசியில் கேம் திடீரென்று ஸ்டீமில் மறுபடி முளைத்தது. "இது நாங்கள் செய்த பதிப்பு இல்லை, வாங்காதீர்கள்" என்று செய்தவர்களே ட்விட்டரில் எழுதினார்கள். சொந்தக் கேமை வாங்காதே என்று சொல்லும் நிலைமை! சில நாளில் நீண்ட விளக்கம் வந்தது. தாங்கள் வேறொரு கடையில் விற்ற பிரதியைப் பப்ளிஷர் வாங்கி, அன்ரியல் எஞ்சினின் பூட்டிய கோப்புகளை உடைத்துத் திறந்து, உள்ளே சிலவற்றை மாற்றி, தன் பெயரில் ஸ்டீமில் ஏற்றிவிட்டது என்பது ஸ்டுடியோவின் குற்றச்சாட்டு. கோப்புகளை ஒப்பிட்டு ஆதாரமும் காட்டினார்கள். நீதிமன்ற உத்தரவுப்படி ஸ்டுடியோ ஒத்துழைக்கவில்லை, எங்கள் உரிமைப்படிதான் செய்தோம் என்றது பப்ளிஷர். காப்புரிமைப் புகார் போய், கேம் மறுபடி ஸ்டீமிலிருந்து இறங்கியது. ஹார்ட் டிஸ்க் காலத்து ஆளான எனக்கு இதில் நியாயம் பேசக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது.

அதே பிப்ரவரியில் பிஎஸ்5 பதிப்பை ஸ்டுடியோ தானே வெளியிட்டது. பிஎஸ்4இல் வாங்கியவர்களுக்கு இலவசமாகத் தர முடியவில்லை, பழைய சேவும் வராது. பிஎஸ்4 பதிப்பு பப்ளிஷர் கணக்கில் அல்லவா இருக்கிறது. ஒரே கேம், ஒரே கோட், ஆனால் கடையின் கண்ணுக்கு ரெண்டுக்கும் சம்பந்தமே இல்லை. சண்டை போட்டது ரெண்டு கம்பெனி, காசு கொடுத்து வாங்கியவன் மறுபடி காசு கொடுக்க வேண்டும்.

இவ்வளவுக்கும் நடுவே வேலையை நிறுத்தவில்லை. பப்ளிஷரே வேண்டாம் என்று 2021 நவம்பரில் 'ஷெர்லாக் ஹோம்ஸ்: சாப்டர் ஒன்' தாங்களே வெளியிட்டார்கள். மூணு மாதத்தில் போர். ஆட்கள் சிதறினார்கள், கரண்ட் இல்லை, குண்டு. அந்த நிலைமையிலும் மக்களிடம் கிக்ஸ்டார்ட்டரில் பணம் திரட்டி, பழைய 'தி அவேக்கன்ட்' கேமைப் புதிதாகக் கட்டி 2023 ஏப்ரலில் கொண்டுவந்தார்கள். ஒரு இன்டர்னல் டெஸ்டைக் காரணம் காட்டி ரெண்டு வாரம் கோட் பக்கமே போகாத என்னைப் பற்றி நானே இங்கே ஒன்றும் சொல்லிக்கொள்ளவில்லை.

கடைசியில் 2024 ஜனவரியில் 'தி சிங்கிங் சிட்டி' முழுக்க ஸ்டுடியோவிடமே வந்தது. வந்த விதம்தான் கவனிக்க வேண்டியது. ஸ்டீமில் புதுப் பதிப்பாக மறுபடி ஏற்ற வேண்டியிருந்தது. பழைய பதிப்பின் சேவ் புதியதில் வேலை செய்யாது. நாலு வருஷச் சண்டையில் ஜெயித்தாலும் கையில் கிடைத்தது புது நம்பர்.

இது இவர்கள் தலையெழுத்து மட்டுமல்ல. 2024 மார்ச்சில் அடல்ட் ஸ்விம் கேம்ஸ் வெளியிட்ட இண்டி கேம்களைக் கடைகளிலிருந்து எடுக்கப் போவதாக வார்னர் நிறுவனம் அவற்றைச் செய்தவர்களுக்குத் தகவல் அனுப்பியது. 'ஸ்மால் ரேடியோஸ் பிக் டெலிவிஷன்ஸ்' செய்தவர், கடையிலிருந்து போகட்டும் என்று தன் கேமை இலவசமாகவே எல்லோருக்கும் கொடுத்துவிட்டார். எதிர்ப்பு கிளம்பிய பிறகு கேம்களை உரியவர்களிடம் திருப்பித் தர வார்னர் ஒப்புக்கொண்டது. அங்கே சண்டைகூட இல்லை. யாரோ ஒரு அலுவலகத்தில் பட்டியலைச் சுத்தம் செய்தார்கள், அவ்வளவுதான்.

சரி, நம்ம கதைக்கு வருகிறேன். பாரிஸ் தீர்ப்பைப் படித்த ராத்திரி தூக்கம் வரவில்லை. பணம் போட்டவனுக்கும் ஒரு வழக்கு இருக்கும் என்பது உறுத்திக்கொண்டே இருந்தது. எங்கள் வழக்கில் நான் எந்தெந்தத் துப்பை இணைக்காமல் விட்டேன் என்று யோசித்தேன். மேலே 'மனஸ்தாபம்' என்று ஒரே வார்த்தையில் தாண்டினேன் அல்லவா, அது இதுதான்.

2024 மார்ச்சில் வேறொரு கல்லூரி சிம்போசியத்தில் எங்கள் பல்லாங்குழிக்கு முதல் பரிசு, 5,000 ரூபாய். ஒரு அணிக்கு மூணு பேர்தான் என்று விதி. அண்ணாவுக்கு அன்று இன்டர்வியூ. நாங்கள் மூணு பேர் போனோம், சர்டிஃபிகேட்டில் மூணு பெயர். வரும் வழியில் பிரியாணி, சினிமா, மீதியைப் பங்கு போட்டோம். இன்ஸ்டாவில் கோப்பையோடு ஸ்டோரி. பின்னால் ஸ்கிரீனில் தெரிந்தது அண்ணா வரைந்த பசு. ஸ்டோரியில் அண்ணாவை டேக் செய்யக்கூட இல்லை. "என் பேரு எங்கடா?" என்று குரூப்பில் கேட்டார். "டீம் லிமிட் மூணுணா" என்று பதில் போட்டது நான். பரிசுப் பணத்தைப் பற்றி அவர் கேட்கவே இல்லை. அந்த 25 டாலர், 'அப்புறம்' என்றோமே, அதையும் கேட்கவில்லை. நாங்களும் கொடுக்கவில்லை.

ஃப்ராக்வேர்ஸ் கதையில் ராயல்டி பாக்கி வைத்தது பப்ளிஷர் என்றார்கள். எங்கள் கதையில் பாக்கி வைத்தது நாங்கள்.

மறுநாள் போன் செய்தேன். அண்ணா ஓசூரில் வேலையில் இருந்தார். "சொல்றா" என்றார், கோபமும் இல்லை, பாசமும் இல்லை.

"அண்ணா, தப்பு எங்க மேலதான். காச அனுப்புறேன். அந்த ஆப்ப மட்டும் எங்க கணக்குக்கு மாத்திக் குடுங்கண்ணா."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பின்னால் மெஷின் சத்தம். "கோவத்துலதான்டா எடுத்தேன். ரெண்டு வாரத்துல மனசு கேக்கல, திருப்பிப் போட்டுரலாம்னு லாகின் பண்ணேன். முடியல."

"ஏன்ணா?"

"காலேஜ் மெயில் ஐடில ஆரம்பிச்ச கணக்குடா அது. பாஸ் அவுட் ஆனதும் ஐடிய மூடிட்டாங்க. அத எப்படிச் சொல்றதுன்னுதான் உனக்கு ரிப்ளை பண்ணல."

பிரெஞ்சுக் கம்பெனியும் இல்லை, கோர்ட்டும் இல்லை. ஒரு மெயில் ஐடி. ஆறு மாதம் நான் தண்டித்தது தப்பான ஆளை.

பரிசில் அவர் பங்கு 1,250, கணக்குக் கட்டணத்தில் எங்கள் மூணு பேர் பங்கு 1,560, ஆக 2,810 ரூபாய் ஜிபேயில் அனுப்பினேன். "எதுக்குடா இதெல்லாம்" என்று மெசேஜ் வந்தது, ஆனால் திருப்பி அனுப்பவில்லை. அது எனக்கு நிம்மதியாக இருந்தது. ரெண்டு நாள் கழித்து ஒரு ஃபோல்டர் வந்தது. பசுவின் மூலக் கோப்புகள் எல்லாம் இருந்தன. கழுத்தில் புதிதாக ஒரு மணி.

2025 பிப்ரவரியில் புதுக் கணக்கு திறந்தோம். இப்போது விதி கடினம். புதிய தனிநபர் கணக்கு என்றால் 12 பேர் 14 நாள் தொடர்ந்து சோதித்துப் பார்த்த பிறகுதான் வெளியிட விண்ணப்பிக்கவே முடியும். எங்கள் ஃப்ளோரில் ஆள் பிடித்தோம். நடுவில் ஒருத்தன் ஸ்டோரேஜ் இல்லையென்று அன்இன்ஸ்டால் செய்ய, அவன் கதவைத் தட்டி எழுப்பியது தனிக் கதை. கணக்கு காலேஜ் ஐடியில் இல்லை. நாலு பேரும் ஒரு ஏ4 தாளில் கையெழுத்துப் போட்டோம்: கோட் யாருடையது, படம் யாருடையது, பிரிந்து போனால் கணக்கை யார் யாருக்கு மாற்றித் தர வேண்டும், எத்தனை நாளுக்குள். அண்ணா ஓசூரிலிருந்து ஸ்கேன் செய்து அனுப்பினார். ரூம்மேட் அதை லேமினேட் செய்து அலமாரியில் ஒட்டியிருக்கிறான், கொஞ்சம் ஓவர்தான்.

மார்ச்சில் கேம் வந்தது. புதுப் பேக்கேஜ் பெயர், பூஜ்யம் டவுன்லோட், பூஜ்யம் ரிவ்யூ. சித்தி பொண்ணுக்கு லிங்க் அனுப்பினேன், முதல் ஐந்து நட்சத்திரம் அவளுடையது. 41ஆவது டவுன்லோட் வரும்போது தெரியாத ஒருவர் எழுதியிருந்தார்: "பழைய ஆப்ல 34வது லெவல்ல இருந்தேன். இதுல முதல்ல இருந்து ஆடணுமா?"

ஆமாம், மன்னிக்கணும், பழைய சேவை இந்த ஆப்பால் படிக்க முடியாது என்று பதில் போட்டோம். அடுத்த அப்டேட்டில், விரும்பிய லெவலிலிருந்து தொடங்கும் வசதியைத் தோழி சேர்த்தாள்.

ரிவ்யூ வந்ததாக நோட்டிஃபிகேஷன் தட்டும்போதெல்லாம் உடனே திறந்து பார்க்கிறேன். அம்மாவோடு ஆடியவர் இன்னும் வரவில்லை. அவரிடம் சொல்லவும் எங்களுக்கு வழி இல்லை. பழைய ஆப்பை அழிக்காமல் வைத்திருந்தால், அவர் போனில் அது இன்னும் ஓடும். மணி இல்லாத பசுவோடு.